சக்கர நாற்காலியில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர்: வைத்திய கலாநிதி மேரி வர்கீஸ்

கடந்த வருடம் நோன்புப் பெருநாள் விடுமுறையில் என் உம்மம்மாவை நயினாதீவுக்குக் கூட்டிச் சென்றோம். அவர் பிறந்த ஊர் அதுதான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போனவர், பல வருடங்களின் பின்னர் எங்களோடு யாழ்ப்பாணம் திரும்பினார். அதற்குள் பாரிசவாதம் வந்து அவருடைய வலது காலும் வலது கையும் செயலிழந்துவிட்டன. இப்போது சக்கர நாற்காலிதான் அவருக்குக் கால்.

குறிகட்டுவானில் இறங்கியதும் நாற்காலியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு வாப்பாவும் மாமாவும் உம்மம்மாவைத் தூக்கினார்கள். படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் ஓடி வந்து கைகொடுத்தார்கள். ஒரு ஐயா தன் தோளில் கிடந்த துவாயை விரித்து அவர் இருப்பதற்கு இடம் செய்துகொடுத்தார். எல்லோரும் நல்ல மனிதர்கள். யார்மீதும் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் உம்மம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். திரும்பி வந்தபின் இனி நயினாதீவுக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அத்தனை பேர் பார்க்க, அந்நிய ஆண்களும் பிடித்துத் தூக்க, ஒரு மூட்டையைப்போல் தான் ஏற்றப்பட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

உதவி கிடைத்தும் ஒருவர் ஏன் அழவேண்டும்? இந்தக் கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. இவ்வருடச் சஞ்சிகைக்காக மறைந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு எமது தமிழாசிரியை கேட்டபோது நான் தேடித் தெரிந்துகொண்டவர் வைத்திய கலாநிதி மேரி வர்கீஸ். என் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அவருடைய வாழ்வில் இருந்தது.

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி கேரளத்தின் கொச்சிப் பகுதியில் பிறந்தார். நிலபுலம் உள்ள, ஊரில் மதிப்புப் பெற்ற கிறிஸ்தவக் குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் அவர் ஏழாவது பிள்ளை. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தபின் மருத்துவம் கற்பதற்காகத் தமிழ்நாட்டின் வேலூரில் உள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் கல்லூரி தோன்றிய கதையையும் இங்கே சொல்லவேண்டும். ஏனெனில் அந்தக் கதையில் எங்களைப் போன்ற ஒரு முஸ்லிம் பெண்ணும் இருக்கிறாள். அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்த ஐடா ஸ்கடர் என்பவர் இளம் வயதில் தமிழ்நாட்டில் தம் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பிராமணக் குடும்பமும் ஒரு முஸ்லிம் குடும்பமும் உண்டு. ஐடாவின் தந்தை வைத்தியர்தான். ஆனால் ஆண் வைத்தியர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஐடாவோ அப்போது மருத்துவம் படித்தவரல்லர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. 1918ஆம் ஆண்டு அவர் வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பாடசாலையைத் தொடங்கினார். அதுவே பின்னர் பெரிய கல்லூரியாக வளர்ந்தது. ஆண்கள் அங்கு சேர்க்கப்பட்டது 1947இல்தான்.

ஐடாவின் பாட்டனார் ஜோன் ஸ்கடர் எங்கள் யாழ்ப்பாணத்துக்குப் புதியவரல்லர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பண்டத்தரிப்பில் பல வருடங்கள் இருந்து வைத்தியம் பார்த்தவர் அவர். தீவகத்திலிருந்து பார்த்தால் பண்டத்தரிப்பு கடலுக்கு அக்கரையில் உள்ள ஊர்தான். ஆகவே வேலூரின் கதை எங்களுக்கு முற்றிலும் அந்நியமான கதையல்ல.

பெண்களுக்காகத் தொடங்கிய அந்தக் கல்லூரியில் மேரி நன்றாகப் படித்து வைத்தியரானார். மகப்பேற்று மருத்துவத்தில் நிபுணராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அந்த விருப்பம் 1954ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரே நாளில் இல்லாமற் போயிற்று. இளம் வைத்தியர்கள் சிலர் சேர்ந்து வாகனமொன்றில் சுற்றுலா சென்றார்கள். வழியில் வாகனம் கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் ஆழமான காயம். அதைவிடக் கொடியது முள்ளந்தண்டில் பட்ட அடி. இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாமற் போயின. அப்போது அவருக்கு வயது 28.

முள்ளந்தண்டு காயமடைந்தால் என்ன நடக்கும் என்பதைச் சற்று விளக்க வேண்டும். மூளையிலிருந்து கால்களுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புத் தொகுதி முள்ளந்தண்டின் நடுவே செல்கிறது. அது சிதைந்தால் மீண்டும் பொருந்துவதில்லை. கால் அசையாது என்பது மட்டுமல்ல, ஒரே இடத்தில் நெடுநேரம் படுத்திருப்பது தெரியாததால் தோல் அழுகிப் படுக்கைப்புண் உண்டாகும். சிறுநீர் தானாக வெளியேறாததால் தொற்று ஏற்பட்டுச் சிறுநீரகம் கெடும். அந்தக் காலத்தில் எங்கள் நாடுகளில் இவ்வாறு காயப்பட்டவர்களில் மிகப் பலர் காயத்தால் இறக்கவில்லை, புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க ஓர் ஆள் இருந்திருந்தால் அவர்களில் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

மேரி பிழைத்தார். அவரைச் சுற்றியிருந்தவர்கள் வைத்தியர்களும் தாதியரும். தன் உயிர் தப்பியதற்குத் தன் மனத்திடம் மட்டும் காரணமல்ல, தான் எந்த இடத்தில் இருந்தேன் என்பதும் காரணம் என்பதை அவர் மறக்கவில்லை என்றே நான் நம்புகிறேன். அவர் பிற்காலத்தில் செய்த வேலைகள் எல்லாம் அதைத்தான் காட்டுகின்றன.

படுக்கையில் கிடந்த மேரிக்கு ஒரு வழி காட்டியவர் வைத்திய கலாநிதி போல் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். வேலூரில் தொழுநோயாளரின் கைகளையும் கால்களையும் சீர்செய்யும் சத்திரசிகிச்சையை வளர்த்தெடுத்தவர். கையில் செய்யும் சத்திரசிகிச்சையைப் பெரும்பாலும் உட்கார்ந்துதான் செய்வார்கள். அப்படியானால் மேரி ஏன் அதைச் செய்யக்கூடாது என்பது பிராண்டின் எண்ணம். கேட்பதற்கு இது எளிய எண்ணம். ஆனால் கால் இழந்த வைத்தியரைப் பார்த்த மற்றவர்கள் எல்லோரும் அவரால் இனி முடியாத வேலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, முடிந்த வேலையை எண்ணிப் பார்த்தவர் அவர்.

தொழுநோயைப் பற்றி அக்காலத்தில் இருந்த எண்ணத்தைத் தெரிந்துகொண்டால்தான் மேரி ஏற்ற பணியின் பெறுமதி விளங்கும். தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. கையில் உள்ள சிறிய தசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடும். உணர்ச்சியும் போய்விடும். சுடுபானையைத் தூக்கினாலும் சுடுவது தெரியாது. நோய்தான் விரலைத் தின்கிறது என்று உலகம் நம்பியிருந்தது. உண்மையில் உணர்ச்சியில்லாத விரல்கள் தீயிலும் காயத்திலும் சிறிது சிறிதாக அழிந்தன என்று பிராண்ட் கண்டுபிடித்தார். சில நோயாளரின் விரல்களை இரவில் எலி கடித்தது, அவர்களுக்குத் தெரியவில்லை. அதன்பின் அவர்கள் பூனை வளர்த்தார்கள். முன்கையில் பலமாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்துவிட்டால் மடங்கிய விரல்கள் மீண்டும் நிமிரும், பிடிக்கும். பின்னர் பல வாரங்கள் பயிற்சி கொடுத்து அந்தத் தசைக்குப் புதிய வேலையைப் பழக்க வேண்டும். இதுவே அந்தச் சத்திரசிகிச்சை.

ஆனால் நோயைவிடப் பெரிய வேதனை ஊரார் கொடுத்தது. தொழுநோயாளரைப் பிள்ளைகள் வீட்டைவிட்டு அனுப்பினார்கள், மனைவியரைக் கணவர்மார் கைவிட்டார்கள், பஸ்ஸில் ஏற்ற மறுத்தார்கள். 1898ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமொன்று தொழுநோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க அனுமதித்தது. அந்தச் சட்டம் குறிவைத்தது எல்லாத் தொழுநோயாளரையும் அல்ல. பிச்சையெடுக்கும், பிழைக்க வழியற்ற ஏழைத் தொழுநோயாளரைத்தான். வசதியுள்ளவர் அதே நோயுடன் தன் வீட்டில் இருக்கலாம். ஏழை மட்டும் அடைக்கப்படுவார். 2016ஆம் ஆண்டில்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. எங்கள் நாட்டிலும் ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென ஓர் இடம் அமைத்தார்கள். மட்டக்களப்பு வாவியின் நடுவே உள்ள மாந்தீவிலும் அவர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். தீவில் வாழ்வது எப்படி என்று தீவகத்தார் எமக்குத் தெரியும். விரும்பி வாழ்ந்தால் தீவு ஊர். கொண்டுபோய் விடப்பட்டால் அது சிறை.

இப்படிப்பட்ட மனிதர்களின் கைகளைத்தான் மேரி தன் கைகளில் ஏந்தினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே சத்திரசிகிச்சை செய்தார். செல்வக் குடும்பத்துப் பெண், படித்த வைத்தியர் என்று அவருக்கும் நோயாளருக்கும் இடையே முன்பு இருந்த உயரம் இப்போது இல்லை. நாற்காலியில் அவர் அமர்ந்திருந்தபோது அவருடைய கண்கள் அவர்களுடைய கண்களின் மட்டத்தில் இருந்தன. அவருடைய முகத்திலும் தழும்பு இருந்தது. அவருடைய கால்களுக்கும் உணர்ச்சியில்லை. சுடுநீர் பட்டாலும் தெரியாத உடம்போடு வாழ்வது எப்படி என்று அந்த வைத்தியருக்குப் புத்தகத்தைப் பார்க்காமலே தெரியும். தொழுநோயால் ஒதுக்கப்பட்டவரும் முள்ளந்தண்டு முறிந்து ஒதுக்கப்பட்டவரும் வேறு வேறு மனிதர்கள், வேறு வேறு நோய்கள். ஆனால் இருவரையும் வெளியே நிறுத்திய கதவு ஒன்றுதான்.

மேரி அதோடு நின்றுவிடவில்லை. முதலில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குச் சென்றார். கால் செயலிழந்தவர்கள் தாமே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், தாமே குளிக்கவும் உடுக்கவும், தம் வேலையைத் தாமே செய்யவும் அங்கே பயிற்சி கொடுத்தார்கள். வேலூரில் உயிரைக் காப்பாற்றியிருந்தார்கள். பேர்த்தில்தான் நாளாந்த வாழ்க்கை திரும்பியது என்று சொல்லலாம். பின்னர் அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் வைத்திய கலாநிதி ஹவார்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் புனர்வாழ்வு மருத்துவத்தைக் கற்றார். இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சையளித்த அனுபவத்திலிருந்து அந்தத் துறையை வளர்த்தவர் ரஸ்க். அதே காலத்தில் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் முள்ளந்தண்டு காயப்பட்ட வீரர்களைக் கொண்டு 1948இல் விளையாட்டுப் போட்டி நடத்தினார். இன்றைய பராலிம்பிக் போட்டிகளின் தொடக்கம் அதுதான். போரிலிருந்து திரும்பிய தம் பிள்ளைகளைப் படுக்கையில் சாகவிட அந்த நாடுகள் விரும்பவில்லை. அதனால் வழி கண்டுபிடித்தன.

அப்படியானால் போருக்குப் போகாத, வீரர் என்று யாரும் சொல்லாத ஏழைகளுக்கு அந்த வழி வேண்டாமா? மேரி இந்தியா திரும்பியபோது செய்த வேலை இந்தக் கேள்விக்கான பதில்போல் இருக்கிறது. 1963ஆம் ஆண்டு வேலூரில் புனர்வாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966ஆம் ஆண்டு வேலூரை அடுத்த பாகாயத்தில் நோயாளர் தங்கிப் பயிற்சி பெறும் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய நிலையங்களின் முன்னோடி அது. தென்னையிலும் பனையிலும் இருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், சுமையோடு சரிந்தவர் என்று உடல் உழைப்பால் வாழும் மனிதருக்குத்தான் எங்கள் பகுதிகளில் முள்ளந்தண்டு முறிவது அதிகம். அவர்களுக்குத் திரும்பிப் போக வைத்தியசாலை வேலையோ வசதியான வீடோ இல்லை. ஆகவே புண் ஆறியதும் அனுப்பிவிட்டால் போதாது. நாற்காலியில் இருந்து செய்யக்கூடிய ஒரு தொழிலைப் பழக்க வேண்டும், வீட்டாருக்குப் பராமரிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் புனர்வாழ்வு.

1972ஆம் ஆண்டு இந்திய அரசு மேரி வர்கீஸுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். விபத்துக்குப் பின் 32 வருடங்களுக்கு மேல் அவர் வாழ்ந்தார். பாகாயத்து நிலையம் இன்று அவருடைய பெயரால் அழைக்கப்படுகிறது.

இந்த வாழ்க்கையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்று சொல்லி முடிப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். எழுதிப் பார்த்தபோது அது முழு உண்மையல்ல என்று தோன்றியது. மேரிக்கு மனத்திடம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அதே வருடம் பனையிலிருந்து விழுந்த ஒரு சீவல் தொழிலாளிக்கும் மனத்திடம் இருந்திருக்கும். அவருக்கு இல்லாதவை வேறு. புரட்டிப் படுக்கவைக்கத் தெரிந்த தாதி இல்லை. நாற்காலி இல்லை. நாற்காலி இருந்தாலும் அது போகக்கூடிய பாதை இல்லை. சாதியின் பெயரால் அவரை முன்பே வாசலில் நிறுத்தியவர்கள், விழுந்தபின் அந்த வாசலையும் மூடினார்கள். மனத்திடத்தை மட்டும் புகழ்ந்தால், வெல்லாதவர்கள் எல்லோரும் மனத்திடம் இல்லாதவர்கள் என்று ஆகிவிடும். அது மேரியின் வாழ்க்கைக்கே நாம் செய்யும் அநியாயம். வழி கிடைத்த அவர், வழி கிடைக்காதவர்களுக்காக ஒரு வழியைக் கட்டினார். அதனால்தான் அவர் பெரியார்.

உடல் வலுவிழந்தோரின் உரிமையும் பெண்களின் உரிமையும், ஏழைகளின் உரிமையும், சாதியால் ஒடுக்கப்பட்டோரின் உரிமையும் தனித்தனியானவை அல்ல என்பதை மேரியின் வாழ்க்கையிலிருந்து நான் கற்றுக்கொண்டேன். மூன்று பெண்கள் இறந்த இரவு இல்லாவிட்டால் வேலூர்க் கல்லூரி இல்லை. அந்தக் கல்லூரி இல்லாவிட்டால் மேரி வைத்தியர் இல்லை. மேரி இல்லாவிட்டால் கைவிடப்பட்ட பலரின் விரல்கள் நிமிர்ந்திருக்கமாட்டா. ஒருவருக்காகத் திறக்கப்படும் கதவு வேறொருவருக்கும் திறக்கிறது.

எங்கள் வடபகுதிக்கு இது இன்னும் நெருக்கமானது. போரில் கால் இழந்தவர், மிதிவெடியில் சிக்கியவர், எறிகணையால் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர் இல்லாத ஊர் இங்கே அரிது. கைதடியில் 1956 முதல் செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான நவீல்ட் பாடசாலை இருக்கிறது. 1980களில் இருந்து யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால்கள் செய்து கொடுத்து வருகிறது. செயற்கைக் கால் பெற்றவர் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்று அந்தக் காலுக்குத் தெரியாது. 1990இல் எங்கள் மக்கள் வெளியேறியபோதும் நடக்க முடியாதவர்கள் இருந்தார்கள். உம்மம்மாவின் வாப்பாவை ஒரு சாய்கதிரையில் இருத்தி நான்கு பேர் தூக்கி வந்தார்களாம். வீட்டை இழப்பது எல்லோருக்கும் துயரம். ஓட முடியாதவருக்கு அது இரண்டு மடங்கு துயரம்.

எங்கள் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் செல்ல வழிசெய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இதற்கெல்லாம் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். கலாநிதி அஜித் பெரேரா அவர்களில் ஒருவர். 1992இல் அவர் சென்ற காரின்மீது மரம் விழுந்து அவரும் சக்கர நாற்காலிக்கு வந்தார். கட்டடங்களுக்குள் நுழைவது சலுகையல்ல, உரிமை என்று அவர் உயர் நீதிமன்றத்துக்குச் சென்று 2011இல் தமக்குச் சாதகமான கட்டளையைப் பெற்றார். ஆனாலும் சட்டம் கடலைக் கடந்து தீவுக்கு வர நாளாகிறது.

எங்கள் மார்க்கத்திலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் தோழர்களில் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் கண்பார்வையற்றவர். அவர் இரக்கத்துக்குரியவராக ஓரத்தில் உட்கார வைக்கப்படவில்லை. மதீனாப் பள்ளிவாசலில் அதான் சொல்லும் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டது. நபியவர்கள் பயணம் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரக்கம் காட்டுவதற்கும் பொறுப்புக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதில் தெளிவாக இருக்கிறது.

உம்மம்மா அழுத காரணமும் இப்போது எனக்கு விளங்குகிறது. இறங்குதுறையில் அவருக்கு இரக்கம் நிறையவே கிடைத்தது. கிடைக்காதது ஒரு சாய்வுப் பாதையும் ஒரு பலகையும். அவை இருந்திருந்தால் அவர் யாருடைய கையும் படாமல், தன் முக்காடு கலையாமல், தன் நாற்காலியில் இருந்தபடியே பிறந்த ஊருக்குப் போயிருப்பார். கைகொடுத்த நல்லவர்களுக்கு அவர் நன்றி சொல்லியிருக்கவும் தேவையில்லை. நன்றி சொல்லத் தேவையில்லாமல் போய்வருவதற்குப் பெயர்தான் உரிமை.

கடந்த மாதம் மாமா துணையுடன் நானும் என் வகுப்புத் தோழிகள் இருவரும் பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். படகுத்துறையில் சக்கர நாற்காலி இறங்கக்கூடிய ஒரு சாய்வுப் பாதையும் படகுக்குப் போடக்கூடிய அகலமான பலகையும் வேண்டும் என்பதே கோரிக்கை. ஒரு விடுமுறை நாளில் துறையில் நின்று கையொப்பம் கேட்டோம். முஸ்லிம்கள் சிலர்தான் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போக வந்த வயதான அம்மா ஒருவர் முதலில் போட்டார். முழங்கால் வலியால் படகில் ஏறுவதற்கு அவரும் ஒவ்வொரு முறையும் அழுகிறாராம். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் போட்டார். நாகதீப விகாரைக்கு அனுராதபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு சிங்களக் குடும்பம் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போட்டது. அவர்களுடைய தாத்தா பஸ்ஸிலேயே இருந்துவிட்டார். செயற்கைக் காலோடு வந்த அண்ணா ஒருவர் பேனையை வாங்கும்போது, தான் தீவுக்குப் போய் நான்கு வருடம் என்றார். உம்மம்மாவை அன்று படகில் ஏற்றும்போது துவாயை விரித்துத் தந்த ஐயாவும் அங்கே நின்றார். என்னை அடையாளம் கண்டு உம்மம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு அவரும் கையொப்பமிட்டார்.

மொத்தம் 64 கையொப்பங்கள். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டோம், இன்னும் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அதன் பிரதியை உம்மம்மாவிடம் காட்டினேன். அவருக்கு வலது கை வராது. பேனையை இடது கையில் வாங்கி, நீண்ட நேரம் எடுத்து, கோணலாகத் தன் பெயரை எழுதினார். 65ஆவது பெயர் அவருடையது.